தொட்டிலில் விழுந்த வெள்ளைத் துணி

"எனக்கு வயித்தெரிச்சல் ஜாஸ்தி" என்று ஜவரம்மா தன் வாயாலேயே சொல்வாள், மற்றவர்கள் எனக்கு மூட்டுவலி என்று சொல்வதைப் போல. அவள் என் மாமியார். நான் இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "உன் புருஷன் உன்னைப் பாத்துச் சிரிச்சா என் முகம் சுருங்கும். அதைப் பெருசா எடுத்துக்காதே. பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்" என்றாள். அந்தச் சுருக்கம் ஒரு காலத்தில் ஊரையே என்ன பாடு படுத்தியது என்பதையும் பிறகு அவளே சொன்னாள். கெம்பம்மா சொன்னது, டோல்கர் சொன்னது, மாமனார் ஒவ்வொரு களி உருண்டைக்கும் நடுவில் சொன்னது எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். மாமியார் என்று எழுதினால் கை தயங்குகிறது. பெயர் சொல்லியே எழுதுகிறேன்.

ஜவரம்மாவும் கெம்பம்மாவும் மைசூர்ப் பக்கத்து ஹொங்கெஹள்ளிக்கு ஒரே நாளில் மருமகளாக வந்தவர்கள். ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம். ஜவரம்மா என் மாமனார் மொகண்ணாவின் வீட்டுக்கு, கெம்பம்மா பக்கத்துச் சுவர் வீட்டுக்கு. இருவருக்கும் ஊர் புதிது, மாமியார் புதிது, ஏரிக்குப் போகும் பாதை புதிது. முதல் நாள் காலையில் குடத்தோடு வெளியே வந்தபோது இருவர் கண்ணும் அழுது வீங்கியிருந்தன. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கெம்பம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்தால் இடுப்புக் குடத்துத் தண்ணீர் தளும்பி முந்தானை நனையும். அந்தச் சிரிப்பை ஒன்பது வருடம் ஜவரம்மா தன் வீட்டுச் சொத்துபோல அனுபவித்தாள். கெம்பம்மாவை வேறு யாராவது சிரிக்கவைத்தால், என்ன சொல்லிச் சிரிக்கவைத்தார்கள் என்று விசாரிக்காமல் விடமாட்டாள்.

அந்த ஒன்பது வருடத்தில் ஜவரம்மாவுக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். கெம்பம்மாவுக்கு எதுவுமில்லை. அவள் மாமியார் மாதம்மா, சினை பிடிக்காத மாட்டைப் பார்த்தால் மாட்டைச் சொல்வதுபோல், காய்க்காத கொடியைப் பார்த்தால் கொடியைச் சொல்வதுபோல் மருமகளைக் குத்துவாள். கெம்பம்மாவுக்காக ஜவரம்மா மாரம்மாவுக்கு வேண்டிக்கொண்டு, ஈரப்புடவையோடு வேப்பிலை பிடித்துக் கோயிலை மூன்று வருடம் சுற்றினாள். இதை நான் சொல்லாவிட்டால் அவளுக்கு அநியாயம் செய்தவளாவேன். அவளுடைய எரிச்சலுக்கு எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகம் அவள் பிரியத்துக்கும் உண்டு.

அறுபத்தொன்றாம் வருடம் தை மாதம் லாரிகள் வந்தன. ஊருக்கு மேற்கே, யானைகள் நடமாடும் மூங்கில் காட்டை ஒட்டிக் கூடாரம் போட்டார்கள். திபெத்திலிருந்து வந்தவர்கள் என்றார் ஊர்த் தலைவர் பட்டேல் சித்தேகௌடர். ஊர்க்காரர்கள் லாமா ஜனங்கள் என்றார்கள். கன்னம் சிவந்த, காதில் நீலக் கல் தொங்கும் ஆண்கள். கணுக்கால் வரை கறுப்பு அங்கியும் இடுப்பில் பட்டை பட்டையாகக் கலர் துணியும் கட்டிய பெண்கள். வெயில் தாங்காமல் முதல் கோடையில் நிறையப் பேர் செத்தார்கள். மிச்சமிருந்தவர்கள் காட்டை வெட்டிச் சோளம் போட்டார்கள். மரத்துக்கு மரம் கயிறு கட்டிச் சின்னச் சின்னத் துணிகளைத் தொங்கவிட்டார்கள்.

"துவைச்சுக் காயப்போட்டுட்டு மறந்துட்டாங்க போல" என்றார் மொகண்ணா.

"அதுல மந்திரம் எழுதியிருக்காம். காத்தடிச்சா மந்திரம் ஊரெல்லாம் பரவுமாம்" என்றாள் மாதம்மா, மூக்கைப் பொத்திக்கொண்டு.

அந்த ஜனங்களுக்குப் பாலும் தயிரும் தேவைப்பட்டன. கெம்பம்மா வீட்டில் இரண்டு எருமைகள். ஒருநாள் தயிர்ப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் கிளம்ப, துணைக்கு ஜவரம்மாவும் போனாள். அங்கே டோல்கர் என்ற பெண் இருவருக்கும் மரக் கிண்ணத்தில் டீ கொடுத்தாள். வெண்ணெயும் உப்பும் போட்ட டீ. ஜவரம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் குடிசைக்குப் பின்னால் போய்த் துப்பினாள். கெம்பம்மா முழுக் கிண்ணமும் குடித்தாள். டோல்கர் சந்தோஷப்பட்டு மறுபடி ஊற்ற, மரியாதைக்காக அதையும் குடித்தாள். மூன்றாவது முறை ஊற்ற வந்தபோது கெம்பம்மா கிண்ணத்தைக் கையால் மூட, டோல்கர் விரலிடுக்கு வழியாகவே ஊற்ற, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜவரம்மா சிரிக்கவில்லை.

"அந்த நாத்தத்தை எப்படிடி குடிச்சே?" என்று திரும்பும் வழியில் கேட்டாள்.

"நல்லாத்தான் இருந்துது அக்கா."

"நல்லா இருந்துதா! எங்க வீட்டு மனுஷன்கூடத்தான் நேத்து ஒரு குவளை குடிச்சுட்டு வந்து, உப்புச் சாறுல நெய் விட்ட மாதிரி இருக்கு, களி இருந்தா தோய்ச்சுத் தின்னலாம்னு சொல்றார். அவருக்கு எதுதான் நல்லா இல்லாம இருந்திருக்கு?"

அதற்குப் பிறகு ஜவரம்மா தயிர்ப் பானைக்குத் துணை போகவில்லை. கெம்பம்மா தனியாகப் போனாள். முதலில் வாரம் இரண்டு நாள், பிறகு நாள் தவறாமல். வெயில் ஏறும்முன் திரும்பிவந்தவள் உச்சிவேளைக்கு வரத் தொடங்கினாள். டோல்கருக்குக் கன்னடம் சொல்லிக்கொடுக்கிறேன் என்றாள். ஏரிக்குப் போகும்போது "டோல்கர் இன்னிக்கு என்ன சொன்னா தெரியுமா?" என்றுதான் பேச்சையே தொடங்குவாள். ஜவரம்மா குடத்தைத் தேய்த்த தேய்ப்பில் அந்த வருடம் பித்தளை மெலிந்துபோனது என்று மாமனார் சொல்வார்.

ஐப்பசி மாதம் பிரியாப்பட்டணம் சந்தையில் டோல்கரைத் தற்செயலாகப் பார்த்தாள் ஜவரம்மா. அவள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜவரா அக்கா! சந்தோஷம்! கெம்பி வயிறு, சின்னப் பிள்ளை. சந்தோஷம்!"

வெங்காயக் கூடையை அப்படியே கீழே வைத்தாள் ஜவரம்மா. ஒன்பது வருடமாகக் காத்திருந்த சேதி. அவள் வேண்டுதல், அவள் வேப்பிலை, அவள் ஈரப்புடவை. அதை வெண்ணெய் நாற்றம் வீசும் ஒருத்தி, அரைகுறை பாஷையில், சந்தை நடுவில் வந்து அவளுக்குச் சொல்கிறாள்.

அன்று சாயங்காலம் சுவரோரமாக நின்று கேட்டாள்.

"என்கிட்ட சொல்லணும்னு தோணலையாடி உனக்கு?"

"நான் அவகிட்டயும் சொல்லல அக்கா. அங்க போனப்ப வாந்தி எடுத்தேன். வயித்தைத் தொட்டுப் பாத்துட்டு அவளே சொன்னா. எனக்கே அப்பதான் தெரியும். ரெண்டு மாசம் போகட்டும், நிச்சயமானதும் உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

"அவ தொட்டா தெரியுது. நான் ஒன்பது வருஷம் பக்கத்துல நின்னு தெரியலையா?"

"இதுல என்னக்கா போட்டி?"

போட்டி என்ற சொல் ஜவரம்மாவின் நெஞ்சில் முள்போல நின்றுகொண்டது. கெம்பம்மா சொன்னதில் பொய் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தாலும் எரிச்சல் அடங்கவில்லை. பொய்யாக இருந்திருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள்.

மாசி மாதம் முகாமில் புது வருஷம் கொண்டாடினார்கள். கெம்பம்மா அழைத்தபோது ஜவரம்மா மறுக்கவில்லை. தோழியைத் தனியாக விட மனமில்லாமல் காவலுக்குப் போவதுபோல் போனாள். அங்கே மைசூரிலிருந்து வந்திருந்த ஓர் அதிகாரியின் கழுத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் நீளமான வெள்ளைத் துணியைப் போட்டார்கள். அதைப் பார்த்துத் தோழிகள் இருவருக்கும் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் பக்கத்தில் புது வெள்ளைத் துணி பிணத்துக்குத்தான் போர்த்துவார்கள். கல்யாணம், காட்சி நடக்கும் வீட்டில் வெள்ளையைக் கண்ணில்கூடக் காட்டமாட்டார்கள்.

"ஐயோ, பாவம் அந்த ஆபீசர்! உசிரோட பாடை கட்டுறாங்களே" என்றாள் கெம்பம்மா, வாயைப் பொத்திக்கொண்டு.

டோல்கர் இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினாள். கையை மேலே தூக்கி விரல்களை உதிர்த்துப் பனி கொட்டுவதைக் காட்டினாள். பிறகு நெஞ்சைத் தொட்டாள்.

"வெள்ளை, மனசு. என் மனசு அழுக்கு இல்ல, அது. விருந்தாளி வந்தா போடறது. கல்யாணம் போடறது. பிள்ளை பொறந்தா போடறது. நல்லது, நல்லது." பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். மற்றவை நூல் துணி, இது பட்டு, ஓரத்தில் மங்கலாகப் பூ நெய்தது. "இது ஊர்லேர்ந்து. எங்க அம்மா கொடுத்தா, என் பிள்ளைக்கு. பிள்ளை மலையில போச்சு. பனி." அவ்வளவுதான் சொன்னாள். பெட்டியை மூடிவிட்டாள்.

கெம்பம்மா அழுதாள். ஜவரம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு டோல்கர் மேல் கோபமே இல்லை. ஆனால் வீடு திரும்பும் வழி முழுக்கக் கெம்பம்மா டோல்கரின் செத்த குழந்தையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். ஊர் எல்லை வருவதற்குள் எரிச்சல் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆனி மாதம் கெம்பம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பதினோராம் நாள் தொட்டில் போட்டார்கள். மாதம்மா வீட்டு முற்றம் நிறையப் பெண்கள். முதலில் குழந்தையைத் தொட்டிலில் இட்டுப் பெயரைக் காதில் சொல்லும் உரிமை தனக்குத்தான் என்று ஜவரம்மா நினைத்திருந்தாள். சிவப்புப் புடவை கட்டி, கொண்டை நிறையப் பூ வைத்து, குழந்தையைத் தொட்டிலில் இட்டுவிட்டு விளக்குத் தட்டோடு முன்னால் நின்றாள். அப்போது வாசலில் டோல்கர் வந்தாள். கலகலவென்று இருந்த முற்றம் கொஞ்சம் அடங்கியது. கட்டிலில் சாய்ந்திருந்த கெம்பம்மா அவளைப் பார்த்ததும், பிள்ளை பெற்ற களைப்பெல்லாம் மறந்து சிரித்தாள். பதினோரு நாளில் அவள் அப்படி ஜவரம்மாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

டோல்கர் நேராகத் தொட்டிலுக்குப் போனாள். மடியிலிருந்து அந்தப் பட்டுத் துணியை எடுத்தாள். இரண்டு கையாலும் விரித்து, குனிந்து, குழந்தையின் மேல் போட்டாள்.

என்ன இது என்று எல்லோருக்கும் கேள்வி. கேள்வியைத் தவிர அந்த முற்றத்தில் இன்னும் எதுவும் எழுந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் ஜவரம்மா நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இது அவங்க ஊர் ஆசீர்வாதம் என்று சொல்லியிருந்தால் மாதம்மா முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பாள்.

"ஐயையோ! பச்சைப் பிள்ளைக்குக் கோடித் துணி போத்திட்டாளே!" என்று ஜவரம்மா தட்டைக் கீழே போட்டு அலறினாள்.

பிறகு நடந்ததை யாரும் நிறுத்தமுடியவில்லை. மாதம்மா துணியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். பெண்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். யாரோ டோல்கரைப் பிடித்துத் தள்ளினார்கள். அவள் விழுந்து எழுந்து, எதுவும் புரியாமல் ஜவரம்மாவைப் பார்த்து, "அக்கா, சொல்லு, அக்கா, நீ சொல்லு" என்றாள். ஜவரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டோல்கர் தெருவில் கிடந்த துணியை எடுத்துச் சாணத்தைத் தட்டி மடித்துக்கொண்டு போனாள்.

கெம்பம்மா கட்டிலில் இருந்தபடி ஜவரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் மாதம்மா முன்னால் அவளால் வாய் திறக்கமுடியவில்லை. ஆனால் அந்த முற்றத்தில் வெள்ளைத் துணியின் அர்த்தம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்திக்குத் தெரியும் என்பது மற்றவளுக்கும் தெரியும்.

அன்று சாயங்காலமே பட்டேல் கட்டளை போட்டார். முகாமுக்கு யாரும் போகக்கூடாது, பால் தயிர் கொடுக்கக்கூடாது, அவர்கள் ஊருக்குள் வரக்கூடாது. மறுநாள் டோல்கர் எல்லைப் புங்கமரத்தடியில் வந்து நின்றாள். அதற்கு அடுத்த நாளும் நின்றாள். மூன்றாம் நாள் ஆட்கள் போய் விரட்டினார்கள். ஜவரம்மா கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது என்று அவளே என்னிடம் சொன்னாள். "பொய் சொல்லக்கூடாது. நல்லாத்தான் இருந்துது. ரெண்டு நாள் களி ருசியா எறங்குச்சு."

இரண்டு நாள்தான். குழந்தைக்குச் சளி பிடித்தது. துணி வேலையைக் காட்டிவிட்டது என்று ஊர் பேசியது. சளி சாதாரணச் சளி, தானே சரியானது. ஆனால் சரியாகும்வரை ஜவரம்மா கோயிலுக்கும் வீட்டுக்குமாக ஓடினாள். தான் சொன்ன பொய் தன் காதுக்கே திரும்பி வந்தபோது அவளுக்கும் பயமாகிவிட்டது. ஒருவேளை நிஜமாக இருந்துவிட்டால்?

குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்ததும் கெம்பம்மா தண்ணீருக்கு வர ஆரம்பித்தாள். வழக்கம்போலச் சுவரருகே வந்து நின்றாள், வழக்கம்போல இருவரும் சேர்ந்து கிளம்பினார்கள். ஆனால் கெம்பம்மா பேசவில்லை. கோபமாக இருக்கிறாள் என்று பார்த்தவர் யாருக்கும் தெரியாது. கேட்ட கேள்விக்கு ஆமாம், இல்லை. குடம் தளும்பவேயில்லை. தோழி முழுசாகத் திரும்பிக் கிடைத்துவிட்டாள், ஆனால் உள்ளே ஆளில்லாத வீட்டைத் திருப்பிக் கொடுத்ததுபோல.

பத்துப் பன்னிரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள் ஜவரம்மா. பிறகு ஏரிப் படியில் குடத்தை வைத்துவிட்டு வழியை மறித்து நின்றாள்.

"ஏதாவது திட்டித் தொலையேன்டி!"

"திட்டினா நீ அழுவே. அழுதா நான்தான் உன்னைத் தேத்தணும். எனக்கு இப்ப அந்தத் தெம்பு இல்லக்கா. வழியை விடு, பிள்ளை முழிச்சுக்கும்."

அன்றைக்கு மத்தியானம் மொகண்ணா சாப்பிட உட்கார்ந்தபோது ஜவரம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் கொள்ளுச் சாற்றில் களியைத் தோய்த்து விழுங்கிக்கொண்டே கேட்டார்.

"அப்ப அது நல்ல துணிதான்னு உனக்குத் தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கத்தினே?"

"ஆமா."

"சரி. எனக்கு இன்னொரு உருண்டை வை. அப்பறம் போய் அந்தப் பொம்பளையைப் பாரு. என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?"

ஊர்க் கட்டளையை மீறி, சோளக்காட்டு வழியாக முகாமுக்குப் போனாள் ஜவரம்மா. டோல்கர் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"டோல்கர், நான் தப்புப் பண்ணிட்டேன். அந்தத் துணியைக் கொடு. ஊருக்கு முன்னால என் வீட்டுக்காரருக்கு நானே போட்டுக் காட்டறேன்."

"கொடுக்கமாட்டேன்."

"ஏன்?"

டோல்கர் களைக்கொத்தை மண்ணில் குத்தி நிறுத்தினாள். "நீ தெரியும். நான் சொன்னேன், நீ கேட்டே, நீ அழுதே. அப்பறம் நீ பொய். என் பிள்ளை துணி தெருவுல, சாணி. போ. போ அக்கா."

ஜவரம்மா போகவில்லை. பக்கத்து வரிசையில் இறங்கிக் களை எடுக்க ஆரம்பித்தாள். வேலையில் அவளை மிஞ்ச எங்கள் ஊரில் ஆள் கிடையாது. டோல்கர் ஒரு வரிசை முடிப்பதற்குள் இவள் ஒன்றரை முடித்தாள். டோல்கருக்கு அதிலும் கோபம் வந்து வேகத்தைக் கூட்டினாள். ஜவரம்மாவும் விடவில்லை. வெயில் சாயும்வரை இரண்டு பெண்களும் போட்டி போட்டுக் களை எடுத்தார்கள். அதற்கு மறுநாளும் ஜவரம்மா போனாள். மூன்றாம் நாள் டோல்கர் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"துணி கொடுக்கற சாமான் இல்ல. போடற சாமான். நான் போடுவேன். நீ ஊர்கிட்ட நிஜம் சொல்லணும். முதல்ல நிஜம். அப்பறம் துணி."

வெள்ளிக்கிழமை மாரம்மா கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. ஜவரம்மா டோல்கரின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். கூட்டம் சலசலத்தது. மாதம்மா எழுந்து கத்த ஆரம்பித்தாள். பட்டேல் கையைக் காட்டி அடக்கினார்.

"என்ன ஜவரம்மா இது? கட்டளை தெரியாதா உனக்கு?"

"தெரியும் கௌடரே. வெள்ளைத் துணி அவங்க ஜனத்துக்கு ஆசீர்வாதம். அதுவும் எனக்குத் தெரியும். இவ மாசி மாசமே சொல்லியிருக்கா. தொட்டில் போட்ட அன்னிக்குத் தெரிஞ்சேதான் பொய்யாக் கத்தினேன்."

"ஏன்?"

"கெம்பி இவளைப் பாத்துச் சிரிச்சா. என்னைப் பாத்துச் சிரிக்கல."

சிலர் சிரித்தார்கள். பட்டேல் சிரிக்கவில்லை. "ஒரு பொம்பளை சிரிச்சதுக்கா ஊரைக் கலக்கினே? இன்னிக்கு இப்படிச் சொல்றே, அன்னிக்கு அப்படிச் சொன்னே. எதை நம்பறது? அது நல்ல துணிதான்னு யாரு சொல்றது?"

பின்வரிசையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மொகண்ணா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"என் கழுத்து சும்மாத்தான் இருக்கு, கௌடரே. போடச் சொல்லுங்க. நான் விழுந்து செத்தா அவங்களை விரட்டுங்க. சாகலைன்னா பாலை விடுங்க. ஆனா சீக்கிரம், பசிக்குது."

அவர் ஆறடி உயரம். டோல்கர் அவர் மார்பளவுகூட வரமாட்டாள். அவர் மண்டியிட்டுக் குனிந்தார். டோல்கர் பட்டுத் துணியை இரண்டு கையாலும் ஏந்தி நின்றாள். துணி கழுத்தை நெருங்கியபோது ஜவரம்மா ஓரடி முன்னால் வந்துவிட்டாள். அது நல்லது என்று ஊர்முன்னால் இப்போதுதான் சொன்னவள் அவள். ஆனாலும் அந்த வெள்ளையைப் புருஷன் கழுத்தருகே பார்த்ததும் கை தானாகப் போய்த் தாலியைப் பிடித்துக்கொண்டது. நிறுத்து என்ற சொல் உதடுவரை வந்தது. கூட்டத்தில் குழந்தையோடு நின்ற கெம்பம்மாவைப் பார்த்தாள். சொல்லை விழுங்கினாள்.

மொகண்ணா எழுந்து நின்று துணியை இரண்டு பக்கமும் சரிசெய்துகொண்டார்.

"மழமழன்னு இருக்கு. பட்டா இது?" என்றார்.

அன்று முழுவதும் அதைக் கழற்றாமல் ஊரைச் சுற்றினார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார், சீட்டாடினார், மாதம்மா வீட்டு வாசலில் வேண்டுமென்றே மூன்று முறை இருமினார். விடியற்காலையில் ஜவரம்மா எழுந்து, தூங்குகிற அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

"இருக்கேன். களி கிண்டு" என்றார், கண்ணைத் திறக்காமலே.

பட்டேல் வாக்குத் தவறவில்லை, பால் போக ஆரம்பித்தது. ஆனால் ஜவரம்மாவைச் சும்மா விடவில்லை. மாரம்மா திருவிழாவில் முதல் விளக்குத் தட்டு எடுக்கும் மரியாதை அவளுக்கு இருந்தது. அதை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். கடைசிவரை திருப்பித் தரவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்தத் தட்டு தெருவில் போகும்போது ஜவரம்மா உள்ளே போய்விடுவாள். நான் பார்த்திருக்கிறேன்.

கெம்பம்மா உடனே மனம் இறங்கவில்லை. எல்லாம் நடந்து மூன்று வாரம் கழித்து, ஏரிக்குக் கிளம்பும்போது குழந்தையை நீட்டி, "பிடி, தலை முடிஞ்சுக்கறேன்" என்றாள். அவ்வளவுதான். ஜவரம்மா குழந்தையை வாங்கிக்கொண்டாள். பிறகு மெல்ல மெல்லப் பேச்சு வந்தது. சிரிப்பும் வந்தது, ஆனால் பழைய அளவுக்குத் தளும்பவில்லை என்று ஜவரம்மா சொல்வாள். கெம்பம்மாவைக் கேட்டால், "எனக்கு வயசாச்சு, வேற என்ன?" என்பாள்.

மொகண்ணா அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் இருந்தார். அவர் போவதற்கு முன்பே கெம்பம்மாவின் புருஷனுக்கு மைசூரில் மில் வேலை கிடைத்து அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போயிருந்தது; திருவிழாவுக்கு மட்டும் கெம்பம்மா வந்துபோவாள். பக்கத்துச் சுவர் வீடு பூட்டிக் கிடந்தது. அவர்கள் போன வருடம் முதல் செவ்வாய்க்கிழமைதோறும் டோல்கர் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். ஆவியில் வெந்த வெள்ளை ரொட்டி கொண்டுவருவாள். ஜவரம்மா அதற்கு அவரைக்காய்ச் சாறு ஊற்றுவாள். இருவருக்கும் பேச ஒரே விஷயம்தான். கெம்பம்மா.

நான் கல்யாணமாகி வந்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, மைசூரிலிருந்து கடிதம் வந்திருந்தது. கெம்பம்மாவின் மகள் எழுதியது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கு டோல்கர் முகாம் பள்ளியில் கற்றிருந்தாள். படித்தாள்.

"டோல்கர் சித்தியும் ஜவரம்மா பெரியம்மாவும் நலமா?"

"என்னது? இந்தத் தடவையும் உன் பேரா முதல்ல எழுதியிருக்கு?" என்றாள் ஜவரம்மா.

"ஆமா."

"திரும்பப் படி."

டோல்கர் திரும்பப் படித்தாள். ஜவரம்மாவின் முகம் சுருங்கியது. கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டாள். டோல்கர் கடிதத்தை மடித்தாள்.

"நிஜம் சொல்லவா அக்கா? போன கடுதாசியில உன் பேரு முதல்ல. நான் மாத்திப் படிச்சேன். எனக்கும் எரிஞ்சுது. உனக்கு அவளை முதல் நாளே தெரியும். அழுத கண்ணோட குடம் எடுத்தது, சிரிச்சது. கெம்பி எத்தனை தரம் சொல்லியிருப்பா அதை! எனக்கு அந்தக் கதையில இடமே இல்ல."

ஜவரம்மா தட்டில் வைத்த ரொட்டியை மறுபடி எடுத்துக்கொண்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். "ஏம்மா, இவளுக்கு இன்னொரு கரண்டி சாறு ஊத்து. பொய்க்காரி. நல்லா சாப்பிடட்டும்."